இழப்பீட்டுப் படிவத்தின் பின்பக்கம்

திரு. ஹாவ்ரிலுக் அவர்களுக்கு,
உங்கள் படிவத்தில் நான்கு வரிகள்தான்.
பொருள், வாங்கிய ஆண்டு, விலை.
போதவில்லை. பின்பக்கம் எழுதுகிறேன்.

வின்னிபெக்கில் நேற்றிரவு மைனஸ் முப்பத்தொன்று.
வேன் கண்ணாடி உடைந்த சத்தம்
உறைந்து அங்கேயே விழுந்திருக்க வேண்டும்.
மோட்டலில் ஒருவர் காதுக்கும் வரவில்லை.

மாண்டலின்.
பதினேழு வயதில், செட்டிகாம்ப் மீன் ஆலையில்
ஒரு கோடை முழுக்க நண்டு உடைத்த கூலி.
இலையுதிர் காலம் வரை தந்தியில் நண்டு வாடை.
அதைத் தூக்கிக்கொண்டுதான்
கல்யாண விருந்துகளுக்குள் நுழைந்தேன்.
சாப்பாடு உண்டு. சம்பளம் அடுத்த முறை.

பேஸ் கிட்டார், 2003.
நானாக ஆசைப்பட்டதல்ல.
ஹாலிஃபாக்ஸ் குழு ஒன்றின் பேஸ்காரன்
பயணத்துக்கு இரண்டு நாள் முன் அப்பாவாகிவிட்டான்.
வாசிக்கத் தெரியுமா என்றார்கள்.
தெரியும் என்றேன்.
மாண்ட்ரியல் ரயிலில் கற்றுக்கொண்டேன்,
இருபத்திரண்டு மணி நேரம்,
எதிர் இருக்கைக் கிழவர் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள.
பிறகு நான்கு வருடம்
வெளிச்சம் எட்டாத இடத்தில் நின்றேன்.

பெடல் ஸ்டீல். விலை தெரியாது.
வரவேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக
ஒரு தயாரிப்பாளர் தள்ளிவிட்டது.
பத்து விரல், இரண்டு முழங்கால், இரண்டு பாதம்
அத்தனையும் கேட்கும், இன்னும் போதாது என்கும்.
யாரோ பிரிந்துபோன பாட்டுகளுக்குப் பின்னால்
அதில் முந்நூறு தடவை அழுதிருக்கிறேன்,
மூன்று மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசி.
ஓர் உறையில் என் பெயரைத் தப்பாக அச்சிட்டார்கள்.
அந்தப் பெயருக்கு இன்னும் அழைப்பு வருகிறது. போகிறேன்.

ஃபிடில் ஏழு மாதம் சொகுசுக் கப்பலில்.
பான்ஜோ ஒரு டயர் விளம்பரத்தில், இருபத்தெட்டு வினாடி.
நான் வாசித்ததிலேயே
அதிகம் பேர் கேட்டது அதுதான்.
கடைவாய்ப் பல் அதில் கட்டியது.

பல மரம் கண்ட தச்சன்
ஒரு மரமும் வெட்டான் என்பான்
என் முன்னாள் கணவன் லாக்லன்.
ஸ்ப்ரூஸ், மேப்பிள், ரோஸ்வுட், கருங்காலி.
வெட்டவில்லைதான்.
வாடகை கட்டினேன்.

திருடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.
நானே எழுதி நானே பாடிய
குறுந்தகட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்திருக்கிறான்.
பார்த்திருக்கிறான்.
திரும்ப மூடி வைத்திருக்கிறான், பதவிசாக.
கையுறையைக்கூட எடுத்துப்போனவன்.

அக்கார்டியனையும் விட்டுவிட்டான்.
பதினொரு கிலோ. யார் தூக்குவார்?

இன்று மாலை செயிண்ட் போனிஃபஸ்,
பழைய படைவீரர் மன்றம், நாற்பது நாற்காலி.
ரத்து செய்தால் பெட்ரோல் காசும் போகும்.
அதனால் அந்தப் பதினொரு கிலோவை மடியில் வைத்து
கிட்டாருக்கென்று எழுதிய பாட்டுகளையே பாடினேன்.

பனி வாரும் லாரி ஓட்டுநரைப் பற்றி ஒன்று உண்டு.
பதினாறு வருடமாக வேகமாகவே பாடி வந்தேன்.
துருத்திக்கு அந்த வேகம் ஆகாது.
அது மூச்சு வாங்கும், நானும் வாங்கினேன்,
அந்த இடைவெளியில்தான் தெரிந்தது
இரண்டாம் சரணம் பொய்.
அவன் மனைவி அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டாள்.
தாண்டி மூன்றாவதுக்குப் போய்விட்டேன்.
யாரும் கவனிக்கவில்லை.
முன்வரிசையில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்.

உங்கள் முதன்மை வாத்தியம் எது
என்று தொலைபேசியில் கேட்டீர்கள்.
கேட்டவுடன் சொல்ல வரவில்லை, மன்னிக்கவும்.
யோசித்தேன். இப்போதும் வரவில்லை.
அந்தக் கட்டத்தில் எது எழுதினால்
கூடுதல் கிடைக்குமோ அதை நீங்களே எழுதுங்கள்.

நாளை ரெஜைனா, ஐந்நூற்று எழுபது கிலோமீட்டர்.
உடைந்த ஜன்னலில் அட்டை ஒட்டியிருக்கிறேன்.
அந்தக் குறுந்தகட்டுப் பெட்டியின் மூடிதான்,
என் பெயர் சாலையைப் பார்த்தபடி.

காசோலையை வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள்.
மே மாதம் வரை நான் அங்கே இருக்க மாட்டேன்.

கொரீன் தெவோ
(தெ-வோ. உங்கள் கடிதத்தில் வேறு மாதிரி இருக்கிறது.)